மாக் 6.7: அறுபது வருடமாக ஏன் அங்கேயே நிற்கிறோம்?

உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி புதுக்குடியிருப்பில் இருந்து கேட்டிருக்கிறார். 1967-இல் அமெரிக்க விமானி ஒருவர் ரொக்கெட் விமானத்தில் மணிக்கு 7,274 கிலோமீற்றர், அதாவது மாக் 6.7 (ஒலியின் வேகத்தைப்போல 6.7 மடங்கு) வேகத்தில் பறந்ததாக வாசித்தாராம். ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீற்றர் என்று எடுத்து 6.7-ஆல் பெருக்கினால் மணிக்கு 8,200 கிலோமீற்றர் வருகிறது, கணக்கு ஒத்துவரவில்லை. ஏறக்குறைய அறுபது வருடமாக ஒருவரும் அதைத் தாண்டவும் இல்லை. ஆகவே பக்கத்து வீட்டு அண்ணர் சொல்வதுபோல எல்லாம் கட்டுக்கதையோ என்று சந்தேகப்படுகிறார். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை?

பதில் சொல்வதற்கு முன் நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வளைகுடா நாடொன்றில் 19 வருடம் விமான எஞ்சின் திருத்தும் ஹேங்கரில் வேலை செய்தேன். பயணிகள் விமானங்களின் டர்பைன் எஞ்சின்தான் என் கைப்பழக்கம். இப்போது இரணைமடுக்குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறேன். ரொக்கெட் எஞ்சினில் நான் கை வைத்ததே இல்லை. சூடு, உலோகம், எரிபொருள் பற்றிச் சொல்வது தொழில் அனுபவம். விமானத்தை ஓட்டுவது பற்றிச் சொல்வது படித்தறிந்தது. இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

கதை உண்மைதான். விமானத்தின் பெயர் எக்ஸ்-15. நோர்த் அமெரிக்கன் நிறுவனம் மூன்று செய்தது. 1959 ஜூன் முதல் 1968 ஒக்டோபர் வரை 12 விமானிகள் 199 தடவை பறந்தார்கள். தரையில் இருந்து தானாகக் கிளம்பாது. பி-52 என்ற பெரிய குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைக்குக் கீழே தொங்கிக்கொண்டு ஏறத்தாழ 13.7 கிலோமீற்றர் உயரத்துக்குப் போய், அங்கிருந்து கழன்று விழுந்து, விழும்போதே எஞ்சினைப் பற்றவைக்கும். ஒன்றரை நிமிடம்கூட எரியாது. மிச்சம் முழுக்கச் சறுக்கல். கலிபோர்னியாவின் காய்ந்த ஏரிப்படுகையில் பின்பக்கம் சறுக்குக் கட்டைகளும் முன்பக்கம் சில்லுமாக வந்து இறங்கும். கழன்றதில் இருந்து இறங்கும்வரை பத்து நிமிடம், அவ்வளவுதான். மிஞ்சிய இரண்டில் ஒன்று வொஷிங்டனிலும் மற்றது ஒஹாயோ மாநிலம் டேட்டனிலும் அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. அண்ணர் அங்கே போனால் தொடத்தான் விடமாட்டார்கள், பார்க்கலாம்.

1967 ஒக்டோபர் 3-ஆம் திகதி அந்த மாக் 6.7-ஐத் தொட்டவர் பீற் நைற். விநாடிக்கு 2 கிலோமீற்றர். வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வீதியில் கிட்டத்தட்ட 75 கிலோமீற்றர். நாற்பது விநாடிக்குள் முடிந்துவிடும். மாங்குளத்தில் தேத்தண்ணி கிடையாது.

இனி உங்கள் பெருக்கல். முறை சரி, போட்ட எண்தான் பிழை. ஒலியின் வேகம் 340 என்பது நாம் நிற்கிற தரையில், 15 பாகை வெப்பநிலையில். காற்றில் ஒலியின் வேகத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. நைற் உச்ச வேகத்தைத் தொட்டது ஏறக்குறைய 31 கிலோமீற்றர் உயரத்தில். அங்கே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 47 பாகை அளவு. அந்தக் குளிரில் ஒலி விநாடிக்கு 302 மீற்றர்தான் போகும். 6.7-ஐ 302-ஆல் பெருக்கி, மணிக்குக் கிலோமீற்றராக மாற்ற 3.6-ஆல் பெருக்குங்கள். பத்துக் கிலோமீற்றர் இப்படி அப்படியாகப் புத்தகத்தில் உள்ள எண் வந்து நிற்கும். மாக் எண் என்பது வேகம் அல்ல, ஒரு விகிதம். பரீட்சையிலும் பலர் இதில்தான் வழுக்குகிறார்கள்.

வன்னியில் முப்பது வயதைத் தாண்டிய எவருக்கும் ஜெட் சத்தத்தைப் பற்றி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. சத்தம் வந்த திசையைப் பார்த்தால் விமானம் அங்கே இராது, அது முன்னாலே போயிருக்கும். பங்கருக்குள் ஓடின சின்னப் பிள்ளைகள்கூட அதை அறிந்து வைத்திருந்தார்கள். ஒலியைவிட மெதுவாகப் போகும் விமானத்துக்கே அப்படி. ஒலியைத் தாண்டினால் அது தலைக்கு மேலால் போய் முடிந்த பிறகுதான் வெடிச்சத்தம் கீழே வரும்.

'ஒருவரும் தாண்டவில்லை' என்பதிலும் ஒரு திருத்தம். விண்வெளியில் இருந்து திரும்பிய ஷட்டில் விமானம் மாக் 25 அளவில் வளிமண்டலத்துக்குள் நுழைந்தது, ஆட்களோடுதான். ஆனால் அது எஞ்சின் அணைந்த நிலையில் கீழே விழுந்து வருவது. சந்திரனில் இருந்து திரும்பிய கூடுகள் அதைவிட வேகம். நைற்றின் சாதனை என்னவென்றால், ஆள் ஓட்டிய, சொந்த எஞ்சினின் தள்ளலில் பறந்த, இறக்கை உள்ள விமானம். இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அறுபது வருடம் என்பது சரி. உயரத்தில் எக்ஸ்-15-இன் எல்லை 1963 ஓகஸ்ட் 22-இல் ஜோ வோக்கர் தொட்ட 108 கிலோமீற்றர். அதை 2004-இல் ஸ்பேஸ்ஷிப்வன் என்ற தனியார் ரொக்கெட் விமானம் தாண்டிவிட்டது. ஆனால் அதன் வேகம் எக்ஸ்-15-இன் பாதிகூட இல்லை. உயரமும் வேகமும் ஒன்றல்ல.

சரி, ஏன் ரொக்கெட்? என் கைப்பட்ட ஜெட் எஞ்சின்கள் காற்றை வாயால் இழுத்து, அதில் மண்ணெண்ணெய்க்கு ஒன்றுவிட்ட சகோதரமான எரிபொருளைத் தெளித்து எரிப்பவை. ஒட்சிசன் வெளியில் இலவசமாகக் கிடைக்கிறது. ரொக்கெட் அப்படியல்ல, எரிபொருளையும் ஒட்சிசனையும் தானே சுமந்து போகும். எக்ஸ்-15 சுமந்தது திரவ ஒட்சிசனும் நீரற்ற அமோனியாவும். நாங்கள் வயலுக்கு எறிகிற யூரியாவுக்கு மூலப்பொருளும் அதே அமோனியாதான். எக்ஸ்எல்ஆர்-99 என்ற அதன் பெரிய எஞ்சின் முழு வலுவில் எரிந்தால் விநாடிக்கு ஏறக்குறைய 100 கிலோ தின்னும். ஒவ்வொரு விநாடியும் ஒன்றரை மூட்டை நெல் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் பாதிக்கு மேல் ஒட்சிசன். 15 தொன் எடையோடு கழன்ற விமானம் ஒன்றரை நிமிடம் கழித்து ஏழு தொன்னுக்குக் கிட்ட நிற்கும். இதனால்தான் ரொக்கெட் விமானம் எவ்வளவு வேகமாகவும் போகலாம், ஆனால் எங்கேயும் போக முடியாது.

இந்தக் குறை எக்ஸ்-15-க்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிற் 163 என்ற ரொக்கெட் விமானம் 1941 ஒக்டோபரில் மணிக்கு 1,000 கிலோமீற்றரைத் தாண்டியது. போரில் இறக்கியபோது எரிபொருள் சில நிமிடத்திலேயே தீர்ந்தது. 1947 ஒக்டோபர் 14-இல் சக் யேகர் ஒலியைத் தாண்டிய எக்ஸ்-1, மதுசாரத்தையும் திரவ ஒட்சிசனையும் சில நிமிடம் எரித்தது. 1956 செப்டெம்பர் 27-இல் மெல் அப்ற் எக்ஸ்-2-இல் முதன்முதலாக மாக் 3-ஐத் தாண்டினார். தாண்டிய கையோடு திரும்பும்போது விமானம் கட்டுப்பாட்டை இழந்து உருண்டது, அவர் தப்பவில்லை.

இப்போது சூட்டுக்கு வருவோம், என் தொழில் இதுதான். வேகமாகப் போனால் 'உராய்வால்' சூடாகிறது என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பாதி சரி. சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்த கையோடு பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். தோல் வாஷர் உரசிய சூடும் அதில் கொஞ்சம் உண்டு, ஆனால் பெரும்பகுதி காற்றை அமுக்கியதால் வந்தது. விமானத்தின் மூக்கிலும் இறக்கையின் முன்விளிம்பிலும் இதுவே நடக்கிறது: விலக நேரம் கிடைக்காத காற்று அங்கே அமுங்கி நிற்கிறது. உடலை ஒட்டிக்கொண்டு ஓடும் மெல்லிய காற்றுப் படலத்தில் உரசலும் சூடும் சேர்கின்றன.

கணக்கு லேசு. மாக் எண்ணை வர்க்கமாக்கி, ஐந்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டுங்கள். அதை வெளிக்காற்றின் கெல்வின் வெப்பநிலையால் பெருக்குங்கள். நின்றுபோகும் காற்றின் வெப்பநிலை அது. பயணிகள் விமானம் மாக் 0.85-இல் போகும்போது வெளியே பூச்சியத்துக்குக் கீழே 56 பாகை. மூக்கில் பூச்சியத்துக்குக் கீழே 25 பாகை. அதாவது அப்போதும் உறைகுளிர்தான். நீண்ட தூரம் பறந்து வந்த விமானத்தின் இறக்கைக்கு அடியில் கை வைத்தால் பாலைவன வெயிலிலும் ஐஸ்போலக் குளிரும், நான் தொட்டிருக்கிறேன். மாக் 3-இல் அதே கணக்கு 330 பாகைக்கு மேல் வரும். அலுமினியம் அங்கே வேலைக்கு உதவாது. நைற் பறந்த மாக் 6.7-இல் 1,980 பாகை. வேகம் இரட்டித்தால் சூடு இரட்டிக்காது, நாலு மடங்கை நோக்கி ஓடும். இந்த வர்க்கம்தான் வில்லன்.

எக்ஸ்-15-இன் தோல் இன்கொனெல் எக்ஸ் என்ற நிக்கல் கலப்புலோகம். அதன் உறவுக்கார உலோகங்களோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். எஞ்சினின் பின்பக்கச் சூட்டுப் பகுதியில் ஒரு போல்ற் முறிந்து உள்ளே நின்றுவிட்டால் அன்றைய நாள் போச்சு. சாதாரண இரும்பென்று நினைத்து ட்ரில்லை வேகமாக விட்டால் ஒரு சுருளும் வராது. துளையின் அடி பளபளவென்று மினுங்கத் தொடங்கும். அப்படி மினுங்கினால் அந்த இடம் வேலைபட்டே கடினமாகிவிட்டது என்று அர்த்தம். ட்ரில் நுனி நீலம் பாய்ந்து மொட்டையாகும். மெதுவான சுற்று, நல்ல அழுத்தம், புது நுனி, நிறுத்தாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு போல்ற்றுக்கு நான் ஐந்து நுனியைத் தின்றேன். மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லவில்லை, மழுங்கின ஐந்தையும் என் மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்கு மேலே வரிசையாக வைத்துவிட்டுப் போனார். இப்படி அடம்பிடிக்கிற உலோகம் என்பதால்தான் செந்தணல் நிறத்துக்குச் சூடானாலும் குழையாமல் நிற்கிறது.

ஆனால் இன்கொனெல் எக்ஸும் ஏறத்தாழ 650 பாகை வரைதான் நம்பிக்கையாக வேலை செய்யும். 1,980 எங்கே, 650 எங்கே? இடையில் காப்பாற்றியது நேரம். அம்மன் கோயில் தீமிதிப்பைப் பார்த்திருப்பீர்கள். நேர்த்தியும் பக்தியும் ஒரு பக்கம் இருக்கட்டும். தணலில் கால் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் படுகிறது என்று கவனியுங்கள். எக்ஸ்-15 நடந்ததும் அப்படித்தான். தடித்த தோல் சூட்டை உள்வாங்கிக்கொண்டே இருக்கும், அது தன் எல்லைக்கு வருவதற்குள் பறப்பு முடிந்துவிடும். தடித்த தோசைக்கல் சூடாக நேரம் எடுக்கிற அதே சங்கதி. தணலுக்கு நடுவில் நின்று கதைக்கச் சொன்னால் ஒருவராலும் ஏலாது.

எக்ஸ்-15-இல் எனக்கு மிகப் பிடித்த பகுதி வேகச் சாதனை அல்ல, அது பழுதாகிய விதங்கள். பெரிய கணக்குகள் பெரும்பாலும் சரியாக வந்தன. பிழைத்தது சின்னச் சின்ன இடைவெளிகளில். இறக்கையின் முன்விளிம்பு சூட்டில் விரியும் என்று தெரிந்து அதில் சிறு பிளவுகள் விட்டிருந்தார்கள். நியாயமான யோசனை. ஆனால் அந்தப் பிளவுகள் காற்றோட்டத்தைக் கலக்கிவிட, அவற்றுக்குப் பின்னால் இருந்த தோல் மற்ற இடங்களைவிடச் சூடாகி நெளிந்தது. பிளவுகளுக்கு மேல் சிறு தகடு வைத்து மூட வேண்டி வந்தது. 1961-இல் றொபேட் வைற் முதன்முதலாக மாக் 6-ஐத் தாண்டிய அதே பறப்பில் முன்கண்ணாடியின் வெளித்தட்டு ஒன்று வெடித்து நொறுங்கியது. கண்ணாடியைப் பிடித்திருந்த சட்டம் சூட்டில் நெளிந்து கண்ணாடியைக் கடித்ததே காரணம். பிறகு சட்டத்தை டைட்டேனியத்தில் செய்தார்கள். முன்சில்லை மூடும் கதவில் விழுந்த ஒரு சிறு இடுக்கு வழியே சூட்டுக் காற்று உள்ளே பாய்ந்து ரயரைக் கருக்கியதும் உண்டு. இதையெல்லாம் எந்தக் காற்றுச் சுரங்கமும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நைற்றின் பறப்புக்கு வருவோம். அதிக நேரம் எரிய, அந்த விமானத்தை நீட்டி, வெளியே இரண்டு தாங்கிகளையும் கட்டினார்கள். எஞ்சின் ஏறக்குறைய 140 விநாடி எரிந்தது. சூடு கூடும் என்பதால் உடல் முழுக்க எரிந்து உதிரும் ஒரு பூச்சைப் பூசினார்கள். தான் கருகி உதிர்ந்து சூட்டைக் கூடவே கொண்டுபோகிற பூச்சு. அதன் இயல்பு நிறம் ரோஸ். படங்களில் விமானம் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், அந்த ரோஸ் பூச்சு திரவ ஒட்சிசனோடு சேர்ந்தால் ஒரு தட்டலில் வெடிக்கக்கூடியது, ஆகவே மேலே இன்னொரு வெள்ளைப் பூச்சு. வெல்டிங் கடையில் ஒட்சிசன் சிலிண்டரின் வாயில் கிறீஸ் பட்ட கையால் தொடாதே என்று கத்துவார்களே, அதே விதிதான். எங்கள் ஹேங்கரில் ஒட்சிசன் குழாய் வேலைக்கென்றே தனி ஸ்பானர்கள் தனிப் பெட்டியில் இருக்கும். ஒட்சிசன் நல்ல பிள்ளை, எண்ணெயோடு சேர்த்தால்தான் கெட்ட பிள்ளை.

அன்று விமானத்தின் வயிற்றுக்குக் கீழே இருந்த செட்டையில் பொம்மை எஞ்சின் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். பிற்காலத்தில் பரிசோதிக்க இருந்த ராம்ஜெட் (சுழலும் பாகம் இல்லாத ஜெட்) எஞ்சினின் வெறும் வடிவம். அதன் மூக்கில் உருவான அதிர்ச்சி அலை நேராகப் போய்ச் செட்டையில் மோதியது. மோதிய இடத்தில் இன்கொனெல் உருகித் துளை விழுந்தது. பொம்மை எஞ்சின் வழியிலேயே கழன்று விழுந்தது. நைற் பத்திரமாக இறங்கினார். அந்த விமானம் அதற்குப் பிறகு பறக்கவே இல்லை. தம்பி, 'ஏன் தாண்டவில்லை' என்பதற்கு ஒரே படத்தில் பதில் வேண்டுமானால் அந்தச் செட்டையின் படத்தைத் தேடிப் பாருங்கள். உலக சாதனையோடு வந்த விமானத்தின் அடியில், கம்மாலையில் பழுதான தகடுபோல வாய் பிளந்த ஓட்டைகள்.

ஓட்டுவதைப் பற்றி, முன்னரே சொன்னதுபோல் படித்தறிந்தது மட்டும். மிக உயரத்தில் காற்று இல்லாத இடத்தில் சுக்கானும் செட்டையும் பயன்படாது. மூக்கிலும் இறக்கை நுனியிலும் ஐதரசன் பேரொட்சைட்டு சிதைந்து வரும் சூட்டு வாயுவைப் பீய்ச்சித்தான் திருப்ப முடியும். திரும்பி வரும்போது மூக்கை அதிகம் தூக்கினால் காற்று மேலே தள்ளிவிடும். 1962 ஏப்ரலில் நீல் ஆம்ஸ்ட்ரோங்குக்கு அதுதான் நடந்தது. இறங்க வேண்டிய ஏரியைத் தாண்டித் தெற்கே பசடீனாப் பக்கம் வரை போய், திரும்பி, ஏரியின் தெற்கு ஓரத்தில் மயிரிழையில் வந்து சேர்ந்தார். குளத்தில் ஓட்டுச்சில்லு எறிந்தால் தத்திப் போகுமே, கிட்டத்தட்ட அந்த வேலை. ஏழு வருடம் கழித்துச் சந்திரனில் கால் வைத்தவர் அவர்தான்.

1967 நவம்பர் 15-இல் இன்னொரு எக்ஸ்-15-ஐ ஓட்டிய மைக்கல் அடம்ஸ் இறந்தார். நைற்றின் சாதனைக்கு ஆறு கிழமைதான் ஆகியிருந்தது. இதில் உறுதியானது: விமானம் உச்சியில் மெல்ல மெல்லத் திசை விலகியது, மாக் 5 வேகத்தில் சுழலத் தொடங்கியது, சுழற்சியில் இருந்து மீளவும் செய்தது, ஆனால் தானியங்கிக் கட்டுப்பாடு மூக்கை மேலும் கீழுமாக ஆட்டத் தொடங்கி, தடித்த காற்றுக்குள் வந்ததும் விமானம் உடைந்தது. திசை விலகியதை அவர் ஏன் உணரவில்லை என்பது உறுதியாகச் சொல்லக்கூடியதல்ல. மின் கோளாறு கவனத்தைத் திருப்பியது, மானியைப் பிழையாக வாசித்தார், தலைசுற்றல் இருந்திருக்கலாம் என்று விசாரணை சொன்னது. செத்தவரிடம் கேட்க முடியாது. இப்படியான அறிக்கைகளை வாசிக்கும்போது 'இருந்திருக்கலாம்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். ஹேங்கரில் எனக்குப் பழகிய பழக்கம் அது.

அப்புறம் ஏன் நின்றது? பணம், அரசியல் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம், பொய்யும் இல்லை. 1968 அளவில் அமெரிக்காவின் கவனம் முழுக்கச் சந்திரனில். எக்ஸ்-15-க்கு அடுத்ததாக வர இருந்த டைனா-சோர் என்ற விண்விமானத்தை 1963 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு ஓடுபாதையில் இருந்து நேரே விண்வெளிக்குப் போகும் எக்ஸ்-30 என்று ஒரு திட்டம். விமானம் ஒன்றும் செய்யாமலே 1993-இல் மூடினார்கள். ஆனால் என் கணிப்பு, பணம் இருந்திருந்தாலும் அதே வழியில் மாக் 8, மாக் 10 என்று போயிருக்க மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் வேகமான, இன்னும் கொஞ்சம் கருகிய இன்னொரு பத்து நிமிடப் பறப்பால் படிக்க மிச்சம் அதிகம் இல்லை. எக்ஸ்-15 கற்றுத் தந்த சூட்டுப் பாடமும் எஞ்சின் இல்லாமல் இறங்கும் பாடமும் ஷட்டிலுக்குப் போயின. சின்ன இடைவெளிப் பாடமும்தான்: 2003 பெப்ரவரி 1-இல் கொலம்பியா ஷட்டிலின் இறக்கை முன்விளிம்பில் இருந்த ஓட்டை வழியே சூட்டுக் காற்று உள்ளே புகுந்து ஏழு பேர் போனார்கள்.

வேகத்தைத் தொடுவதல்ல, அந்த வேகத்தில் நிலைத்து நிற்பதுதான் மிச்சக் கேள்வி. அதற்கு ஒட்சிசனைச் சுமக்காமல் காற்றில் இருந்தே எடுக்க வேண்டும். இங்கேதான் ஸ்க்ராம்ஜெட் வருகிறது. சாதாரண ஜெட்டும் ராம்ஜெட்டும் உள்ளே வரும் காற்றை ஒலியைவிடக் குறைந்த வேகத்துக்கு அடக்கிப் பிறகு எரிக்கின்றன. மாக் 5, 6-க்கு மேல் அப்படி அடக்கினால் அமுங்கிய காற்றே அளவுக்கு மீறிச் சூடாகிவிடும், எரித்துப் பயனில்லை. ஆகவே காற்றை முழுக்க அடக்காமல், ஒலியைவிட வேகமாக ஓடும் நிலையிலேயே எரிக்க வேண்டும். ஒரு மீற்றர் நீள அறையைக் காற்று கடக்கும் நேரம் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் எரிபொருள் கலந்து, பற்றி, எரிந்து முடிய வேண்டும். சுழல்கிற பாகம் ஒன்றுமே கிடையாது. என் போன்றவனுக்குத் திருத்த வேலையே இல்லாத எஞ்சின். ஆனால் அது நின்ற இடத்தில் இருந்து கிளம்பாது, வேறொரு ரொக்கெட் அந்த வேகத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும்.

ஆளில்லாமல் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். நாசாவின் எக்ஸ்-43ஏ 2001-இல் முதல் முயற்சியில் அதைச் சுமந்துபோன ரொக்கெட்டோடு சேர்ந்து தோற்றது. 2004 நவம்பர் 16-இல் மாக் 9.6 தொட்டது, எஞ்சின் எரிந்தது ஏறத்தாழ பத்து விநாடி. தீப்பிடிக்க வைக்க, காற்றுப் பட்டாலே எரிகிற சிலேன் வாயுவைக் கலந்தார்கள். 2013 மே 1-இல் எக்ஸ்-51ஏ மாக் 5.1-இல் 210 விநாடி எரிந்தது. வேகம் குறைவு, ஆனால் எனக்கு இதுதான் பெரிது. அதன் எரிபொருளை எரிப்பதற்கு முன் எஞ்சின் சுவருக்குள் ஓடவிட்டுச் சூட்டை உறிஞ்ச வைத்தார்கள். தீமிதிப்பவர் தணலில் நிற்கப் பழகுவது அங்கேதான் தொடங்குகிறது. கடலுக்கு அந்தப் பக்கம், ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து 2016 ஓகஸ்ட் 28-இல் இஸ்ரோ மாக் 6 அளவில் இரண்டு ஸ்க்ராம்ஜெட்டுகளை 5 விநாடி எரித்தது. ஐந்து விநாடி என்று சிரிக்காதீர்கள்; இதுவரை செய்து காட்டிய நாடுகளைக் கைவிரலில் எண்ணலாம்.

ஹைப்பர்சோனிக் எனப்படும் அதிவேக ஆயுதங்கள் பற்றியும் உங்கள் கேள்விக்குக் கீழே சிலர் எழுதியிருந்தார்கள். நாடுகள் சொல்லும் எண்களில் எது அளந்தது, எது மற்றவரைப் பயமுறுத்தச் சொன்னது என்று வெளியில் இருப்பவர் பிரிக்க ஏலாது, ஆகவே அவற்றை இந்தப் பதிலில் சேர்க்கவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: அவற்றில் பல எஞ்சின் எரிந்துகொண்டு பறப்பவை அல்ல, ரொக்கெட் தூக்கிவிடச் சறுக்கி வருபவை. இன்னும் சில வருடங்களில் கொழும்பில் இருந்து லண்டனுக்கு ஒரு மணித்தியாலத்தில் போகலாம் என்கிற வீடியோக்களையும் நம்ப வேண்டாம். மூன்றரை நிமிடம் எரிந்ததற்கும் ஒரு மணித்தியாலம் எரிவதற்கும், அதுவும் உள்ளே ஆட்களோடு, மறுநாள் மறுபடி பறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, இடையில் இருக்கும் தூரம் பெரிது. பயணிகள் எஞ்சின் ஒன்றை ஆயிரக்கணக்கான மணித்தியாலம் ஓடவிட்டுத்தான் நாங்கள் கழற்றிப் பார்ப்போம்.

கடைசியாக, மாக் 5-க்கு மேல்தான் ஹைப்பர்சோனிக் என்று புத்தகத்தில் இருக்கும். அந்த ஐந்து ஒரு வசதிக்கான கோடு. ஒலித்தடை போல அங்கே ஒன்றும் வெடிக்காது. உண்மையில் என்ன மாறுகிறது என்று பார்க்க, மேலே சொன்ன கணக்கை எக்ஸ்-43ஏ-இன் மாக் 9.6-க்குப் போட்டுப் பாருங்கள், வெளிக்காற்றை 226 கெல்வின் என்று எடுத்து. 4,000 பாகைக்கு மேல் ஒரு விடை வரும். அந்த விடை பிழை, உங்கள் பெருக்கல் சரியாக இருந்தாலும். அவ்வளவு சூட்டில் ஒட்சிசன் மூலக்கூறுகள் இரண்டாக உடையத் தொடங்கும், உடைக்கவே சக்தி செலவாகும், ஆகவே காற்று அவ்வளவு சூடேறாது. நாம் கணக்கில் போட்ட காற்று அங்கே காற்றாகவே இல்லை. எவ்வளவு குறையும் என்று கேட்டால் அது பௌதிகவியல் ஆசிரியரிடம் அல்ல, இரசாயனவியல் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி.